ஐசக் சார் எனக்கு விற்ற கோதுமை மாவு

ஐசக் சாரின் மனைவி ரீனா அக்காவின் போன் வந்தபோது நான் சமையலறையில் இருந்தேன். "மேரி, அவரு போயிட்டாரு" என்றார். என் கண் மேடைக்கடியில் இருந்த கோதுமை மாவு டப்பாவில் போய் நின்றது. அது ஐசக் சாருடையது. இல்லை, முறைப்படி பார்த்தால் என்னுடையது. பண்டிகைக்கு முன்னால் அதை எனக்கு விற்றிருந்தார். பண்டிகை முடிய இன்னும் இரண்டு நாள் இருந்தது. முடிந்ததும் வந்து திரும்ப வாங்கிக்கொள்வேன் என்று சொன்ன மனிதர், சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டார்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் எங்கள் ஃபவுண்டரியில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஐசக் சார் கொங்கண் கடற்கரையிலிருந்து வந்த யூதர். எந்தக் காலத்திலோ கப்பல் உடைந்து கரையேறிய ஒரு கூட்டத்தின் வாரிசுகள் தாங்கள் என்பது அவர்கள் வீடுகளில் சொல்லி வரும் கதை. தமிழை உலைப் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டவர் என்பதால் மேனேஜரிடமும் "இன்னாபா" என்றுதான் ஆரம்பிப்பார். உலை அவர் பொறுப்பு. அங்கிருந்து வரும் இரும்பில் குறை கண்டுபிடிப்பது லேபில் என் வேலை. எனவே சண்டையில் தொடங்கியது எங்கள் நட்பு. அடுத்தடுத்த வீடு வேறு, தப்பிக்க வழியில்லை.

பங்குனி, சித்திரைப் பௌர்ணமியை ஒட்டி அவர்களுக்குப் பஸ்கா வரும். எகிப்தில் அடிமைகளாக இருந்தவர்கள் விடுதலை கிடைத்த அவசரத்தில், பிசைந்த மாவு புளிக்கும்வரை காத்திருக்காமல் அப்படியே சுட்டு எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். அந்த நினைவாக எட்டு நாளைக்குப் புளித்த ரொட்டி சாப்பிடக் கூடாது. அது மட்டுமல்ல, புளிக்கக்கூடிய எதுவும் சொந்தமாக வீட்டில் இருக்கக் கூடாது. ரொட்டித் துணுக்கு ஒன்றுகூட மிஞ்சாமல் மூலை முடுக்கெல்லாம் துடைத்துவிடுவார்கள். தூக்கி எறிய மனம் வராத மாவையும் ரவையையும் வேறு மதத்துக்காரருக்கு விற்றுவிடலாம். அந்த வேறு மதத்துக்காரி நான். விலை ஒரு ரூபாய்.

"சார், பண்டிகை முடிஞ்சப்புறம் நான் திருப்பித் தரலைன்னா?" என்று வருடா வருடம் கேட்பேன்.

"உன் மாவு, உன் இஷ்டம். வித்தது வித்ததுதான். நான் பேஜாராயி பிஸ்கட் துன்னுக்கினு இருப்பேன்" என்பார். பிஸ்கட்டும் என்னிடம்தான் இருக்கும்.

பஸ்கா நாட்களில் அவர் கேண்டீனுக்கு வரமாட்டார். இது எங்கள் கேண்டீன் மாஸ்டர் தணிகாசலத்துக்குப் பெரிய அவமானம். எளாவூர்க்காரர், ரோஷக்காரர். "இத்தினி வருஷமா என் கை சோத்தத் துன்னுக்கினு இருந்துட்டு, இப்ப இன்னா சார் ஒத்துக்கல?" என்று ஒரு வருடம் சாரை மடக்கினார். பைபிளில் படித்த வார்த்தையை நான் எடுத்துவிட்டேன். "மாஸ்டர், இது புளிப்பில்லா அப்பப் பண்டிகை. சாருக்குப் புளிப்பு ஆகாது." மாஸ்டர் முகம் மலர்ந்துவிட்டது. மறுநாள் தனிக் கேரியரில் சாப்பாடு வந்தது. புளி இல்லாத சாம்பார். புளி, தக்காளி, எலுமிச்சை எதுவும் இல்லாத ரசம், அதாவது மிளகுத் தண்ணீர். மோரைக்கூட ஒதுக்கியிருந்தார். இத்தனைக்கும் துணையாகச் சுடச்சுட, பந்து மாதிரி உப்பிய கோதுமைப் பூரி! அந்த எட்டு நாளில் எது கூடாதோ, பிசைந்து வைத்த அந்தக் கோதுமை மாவை மட்டும் மறக்காமல் கொண்டுவந்திருந்தார்.

ஐசக் சார் சிரித்த சிரிப்பில் உலைக்காரர்கள் எல்லோரும் ஓடி வந்துவிட்டார்கள். மாஸ்டருக்கு முகம் சுண்டிப்போனது. சார் அவர் தோளில் கை போட்டு உட்கார வைத்தார்.

"மாஸ்டர், எங்க பாட்டன் பூட்டனும் உன்ன மாதிரிதான். வேதப் புஸ்தகம்லாம் கப்பலோட பூட்சி. மனசுல தங்குனது ரெண்டு மூணு சங்கதிதான். அதுல ஒண்ணு, இந்த எட்டு நாளு புளிப்பு ஆகாது. இன்னா பண்ணாங்க தெரியுமா? ஊட்டுல கொழம்புக்கு வச்சிருந்த புளிப்பு ஜாடிய இறுக்கி மூடிட்டாங்க. எங்க ஊர்ல அந்தப் பண்டிகைக்குப் பேரே ஜாடி மூடுற பண்டிகைதான்."

பிறகு பூரியை எங்களிடம் தள்ளிவிட்டு அந்த ரசத்தை மட்டும் ஒரு டம்ளர் முழுக்கக் குடித்தார். நன்றாக இருந்தது என்று பொய்யும் சொன்னார். இட்லி மாவும் புளிக்கிறதே, அது ஆகுமா என்று ஒருமுறை கேட்டேன். "அத்தச் சொல்றதுக்கு எங்க மதகுரு, எந்த ரபியும் கும்மிடிப்பூண்டி பக்கம் வரலியே. சந்தேகத்தோட துன்னா செரிக்காது, உட்டுடு" என்றார்.

அடுத்த வருடத்திலிருந்து சார் வீட்டுப் பஸ்கா விருந்துக்கு மாஸ்டருக்கும் அழைப்பு வந்தது. மேசையில் இருப்பவர்களில் சின்னவர்தான் கேள்வி கேட்க வேண்டும் என்பது முறை. ஓய்வு பெறும் வயதை நெருங்கிவிட்ட நான்தான் அங்கே சின்னக் குழந்தை! "மற்ற இரவுகளைவிட இந்த இரவில் என்ன விசேஷம்?" என்று கூச்சத்தோடு கேட்பேன். ஐசக் சார் எகிப்தில் ஆரம்பிப்பார். கசப்பான அடிமை வாழ்வுக்கு ஒரு கொழுந்து வேப்பிலை, கண்ணீருக்கு உப்புத் தண்ணீர், அவர்கள் செங்கல் வேலை செய்த சாந்துக்குப் பேரீச்சம்பழ விழுது. செங்கல் என்றதும் மாஸ்டர் தலை நிமிர்ந்தார்.

"எங்கம்மாவும் சூளைல கல்லு அறுத்துச்சு சார். அட்வான்ஸ் வாங்கிட்டு வெளிய வர முடியல. நான் பொறந்ததே அங்கதான்."

சார் விழுதில் முதல் வாயை எடுத்து மாஸ்டர் கையில் வைத்தார். "அப்ப இது உன் பண்டிகையும்தான், நைனா."

விருந்தின் கடைசியில் எலியா தீர்க்கதரிசி வருவார் என்று வாசற்கதவைத் திறந்து வைப்பார்கள். அவருக்கென்று ஒரு கோப்பையும் நிரம்பி இருக்கும். முதல் தடவை மாஸ்டருக்கு அது சரியாகக் காதில் விழவில்லை. "எலிக்கா சார்? இந்தத் தெருவுல கதவத் தொறந்தா அது கூப்புடாமலே வருமே!" அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் சார் கதவைத் திறக்கும்போது, "எலி வந்தா வரட்டும், எலியா வந்தாலும் வரட்டும்" என்று சொல்லிவிட்டுத்தான் திறப்பார். வெளியே நெடுஞ்சாலை லாரிகளின் ஹாரன் சத்தம் உள்ளே வரும்.

இந்த வருடம் மாவை விற்க வந்தபோது நான்கு படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. ஆனாலும் என் பழைய கேள்விக்காகக் காத்து நின்றார். கேட்டேன். "வித்தது வித்ததுதான்" என்று சிரித்தார். அந்த விளையாட்டு இப்படிப் பலிக்கும் என்று தெரிந்திருந்தால் கேட்டிருக்க மாட்டேன்.

அடக்கத்தில் உலைக்காரர்கள் எல்லோரும் ஆளுக்கொரு கை மண் போட்டார்கள். ரீனா அக்காவை மும்பைக்கு அழைத்துப்போக அவருடைய தம்பி வந்திருந்தார். பிள்ளைகள் இல்லாதவர், இங்கே தனியாக என்ன செய்வார் என்று தம்பி கேட்டது நியாயம்தான். எனக்குத்தான் தாங்கவில்லை. அக்கா போய்விட்டால் கும்மிடிப்பூண்டியில் அந்த மேசை இல்லை, அந்தக் கேள்வி இல்லை. பண்டிகை முடிந்தது. அதற்குப் பிறகு அவர்கள் வழக்கப்படி வீட்டைவிட்டு வெளியே வராமல் துக்கம் காக்கும் ஏழு நாட்களும் தொடங்கின. மாஸ்டர் தினமும் அக்காவுக்குச் சோறும், புளி போட்ட ரசமும் கொண்டுபோனார். மாவு டப்பா என் வீட்டில் அப்படியே இருந்தது.

துக்கம் முடிந்த மறுநாள் காலையில் அக்கா என் வாசலில் நின்றார். கையில் ஒரு ரூபாய்.

"மேரி, என் மாவக் குடு."

"ஊருக்குக் கெளம்பலையாக்கா?"

"கெளம்புறவளுக்கு எதுக்குடி அஞ்சு கிலோ மாவு?"

என் வாயில் வந்தது பழைய விளையாட்டுதான். "தரமாட்டேன்." இருவரும் சிரித்தோம். அதிலேயே அழுகையும் வந்துவிட்டது. வாசலிலேயே உட்கார்ந்து அழுதோம். கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்கா சொன்னார்: "அடுத்த வருஷமும் மேச போட்டுடலாம். கதவு தொறக்கத்தான் ஆளு இல்ல."

மாவைக் கொடுத்துவிட்டேன். ஐசக் சாருடையது என்று என்னிடம் இப்போது இருப்பது ஒரு வேலை மட்டும்தான். அடுத்த பஸ்காவுக்கு அந்தக் கதவைத் திறக்கப் போகிறவள் நான். எலி வந்தால் வரட்டும்.