ஆக்லாந்திலிருந்து சிங்காநல்லூர் வரை

வியாழக்கிழமை காலை, சிங்காநல்லூரில் எங்கள் டிராவல்ஸ் அலுவலகத்தின் ஷட்டரைத் தூக்கும்போதே சரோஜா அண்ணி அழைத்தார். "அம்மணி, அவரு போயிட்டாரு. நெஞ்சு வலின்னு உக்காந்தாரு, அவ்வளவுதான். மேகலாவுக்கு நீயே சொல்லிப்போடு கண்ணு. என்னால முடியாது."

சரோஜா அண்ணியின் கணவர் நாச்சிமுத்து அண்ணன் எனக்கு முதலாளி. அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: வெளிநாட்டில் பிள்ளை இருக்கும் வீட்டில் சாவு விழுந்தால், சொந்தபந்தத்துக்கு முன்பே அவருக்குத்தான் தகவல் வரும். "எவ்வளவு தூரமுங்க?" என்று பதறுவார்கள். "தூரத்த உடுங்க. நடுவுல எத்தன எடத்துல எறங்கி ஏறோணும்னு கேளுங்க" என்பார். பிள்ளை விமானம் ஏறியதும் வீட்டாரை அழைப்பார். "ஏறியாச்சுங்க. வர்ற வரைக்கும் எடுத்துப்போடாதீங்க."

ஒரே ஒரு விஷயத்தில் அவரோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. பிள்ளையிடம் சாவைச் சொல்ல விடமாட்டார். "சீரியஸ்னு மட்டும் சொல்லுங்க" என்று வீட்டாருக்குச் சொல்லிக்கொடுப்பார். உடுமலைப்பேட்டைக்காரர் ஒருவர் வந்து, "எங்கப்பா செத்தத மறைக்க நீங்க யாருங்க?" என்று மேசையைத் தட்டியபோது, அந்த மகன் பக்கமே நியாயம் இருப்பதாக எனக்குப் பட்டது. அண்ணனிடம் முகத்துக்கு நேராகவே சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. "உண்மையச் சொல்லிப்போட்டா, தெரியாத சனத்துக்கு நடுவுல தனியா உக்காந்து அழுவோணும் அம்மணி. ஊட்டுக்கு வந்து அழுவட்டும்" என்றார்.

அவருடைய ஒரே மகள் மேகலா இருப்பது ஆக்லாந்தில். உள்ளதைச் சொல்லிவிடுவது என்றுதான் அழைத்தேன். "சொல்லுங்க அத்தை" என்ற குரலைக் கேட்டதும் வாயில் வந்தது வேறு. "அப்பாவுக்கு சீரியஸ் கண்ணு. கெளம்பி வா."

"சரிங்க அத்தை. டிக்கெட் போடுங்க. அப்பாவப் பாத்துக்குங்க."

மறுநாள் மதியம் வந்து சேர வேண்டியவள். சிங்கப்பூர் தாண்டிவிட்டாள், சென்னையில் விமானம் தாமதமாகி அப்போதுதான் ஏறியிருந்தாள். இங்கே அண்ணன் வீட்டில் அவருடைய தமையனார் நிலைகொள்ளாமல் நடந்தார். "பொழுது உழுகறதுக்குள்ள எடுத்துப்போடோணுமுங்க." எடுப்பதற்கு எல்லாம் தயார். மகள் முகம் பார்க்காமல் அண்ணனை அனுப்புவதா? எனக்கு ஆத்திரம் பொங்கியது. வாசலை மறித்து நின்றேன்.

"ஏறியாச்சுங்க! வர்ற வரைக்கும் எடுத்துப்போடாதீங்க!"

கத்தியது நான்தான், சொல் அண்ணனுடையது. கூட்டம் அடங்கியது. தமையனார் வானத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். வெயில் எதிர்வீட்டு மாடிச்சுவரில் ஏறிவிட்ட பிறகு டாக்சி வந்தது.

மேகலா காய்ந்த கண்களோடு இறங்கினாள். அப்பாவின் நெற்றியைத் தொட்டதும்தான் உடைந்தாள். வெகுநேரம் அழுத பிறகு என் கையைப் பிடித்தாள்.

"காலேஜ் லீவுல நம்ம கவுண்டர்ல உக்காந்து, நானே எத்தன பேருக்கு சீரியஸ்னு சொல்லச் சொல்லிக் குடுத்திருக்கேன். நீங்க சொன்னதுமே தெரிஞ்சுபோச்சுங்க அத்தை."

"அப்பறம் ஏங் கண்ணு என்னைக் கேக்கல?"

"கேட்டிருந்தா, நீங்க அங்க தனியா உக்காந்து அதச் சொல்ல வேண்டி வந்திருக்குமே."

நான் அண்ணனின் காதருகே குனிந்தேன். எத்தனையோ வீடுகளுக்குத் தகவல் தந்த அவருக்கு ஒரு தகவல் தர வேண்டியிருந்தது.

"வந்தாச்சுங்கண்ணா. நீங்க பொறப்படுங்க."