பிஸ்கட்டவேக்கு வந்த சூரியன்

அன்று சூரியன் வரவே இல்லை. அமெரிக்காவில் பிஸ்கட்டவே என்ற ஊருக்கு வந்தபின் எங்களுக்கு அது முதல் பொங்கல். பால்கனியில், புடவைக்கு மேல் அப்பாவின் குளிர்கோட்டை மாட்டிக்கொண்டு அம்மா கிழக்கே பார்த்து நின்றிருந்தாள். கிழக்கே கார் நிறுத்துமிடம். அதற்கு மேலே சாம்பல், சாம்பல், இன்னும் சாம்பல். எலெக்ட்ரிக் அடுப்பில் பொங்கியதுதான் என்றாலும், சூரியனுக்குக் காட்டாமல் ஒரு வாய் தொடக்கூடாது.

அப்பா டை கட்டிக்கொண்டு பசியோடு உலாத்தினார். எனக்கு எட்டு மணிக்கு ஸ்கூல் பஸ்.

"ஏம்மா, லைட்டைப் போட்டுக் காட்டிரலாமா?" என்றார் அப்பா.

அம்மா கோட்டை இழுத்து மூடிக்கொண்டாள். அவர் இன்னொரு வார்த்தை சொல்லியிருந்தால் அழுதிருப்பாள்.

என் கையிலிருந்ததை, எங்களோடு தங்கியிருந்த சித்தப்பாதான் கவனித்தார். வகுப்பில் பண்டைய எகிப்து நடந்துகொண்டிருந்தது. அன்று கொண்டுபோவதற்காக, எகிப்தியரின் சூரியக் கடவுள் ராவின் முகமூடியைப் பீட்சா அட்டையில் செய்திருந்தேன். வல்லூறின் தலை, வளைந்த அலகு, உச்சியில் மஞ்சள் பூசிய காகிதத் தட்டு.

"அண்ணி, சூரியன் ஒண்ணுதானே? இவரு வேற பாஸ்போர்ட்ல வந்திருக்காரு, அவ்வளவுதான்!"

முகமூடியை எனக்கு மாட்டி, பால்கனிக் கதவருகே நாற்காலியில் ஏற்றிவிட்டார்.

"சும்மா இருங்க தம்பி, சாமி விஷயத்துல..." என்று அம்மா ஆரம்பித்தாள். முடிக்குமுன் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே வந்து கற்பூரம் ஏற்றினாள். கூரையில் புகை அலாரம் வீறிட, அப்பா துண்டை விசிறி விசிறிக் குதித்தார். எனக்குள் ஒரு நாடே விடிந்துகொண்டிருந்தது.

"எந்த வழியா வந்தீங்க சாமி?" என்று சித்தப்பா கைகூப்பினார்.

பாடத்தில் படித்ததைக் கொஞ்சம் நீட்டினேன். "ராத்திரி பூரா படகுல வந்தேன். பூமிக்கு அடியில. ஈரோடு வழியா!"

பிறந்த ஊரின் பெயரைக் கேட்டதும் அம்மாவின் கையில் தட்டு அப்படியே நின்றது. "அப்ப எங்க வீட்டுல எல்லாரும் சாப்டாங்களா சாமி?"

"சாப்டாச்சு. மாமா மூணு தடவை வாங்கிச் சாப்டாரு!"

"முந்திரி போட்டிருந்தாங்களா?"

"முந்திரிக்கு நடுவுலதான் பொங்கலே இருந்துச்சு!"

அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். அந்த வீட்டின் சுவர்கள் அப்படியொரு சிரிப்பை அதுவரை கேட்டதில்லை. அலகில் குங்குமம் வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி இன்னொன்று கேட்டாள்.

"என்னைய யாராச்சும் கேட்டாங்களா?"

கீழே பஸ் திரும்பும் சத்தம். "எல்லாரும் கேட்டாங்க, எல்லாரும்!" என்று கத்திக்கொண்டே குதித்து இறங்கி, வாய் நிறையப் பொங்கலோடு ஓடினேன்.

பஸ் போய்விடுமே என்ற அவசரத்தில் சொன்ன பதில் அது. அவள் நிஜமாகவே கேட்டாள் என்பது அன்று எனக்குத் தெரியாது.