ஜெராக்ஸ் கடையில் என் பெயரில் ஒரு ஃபோல்டர்

இன்று அண்ணாமலை நகரில், வழக்கமாகப் போகும் ஜெராக்ஸ் கடைக்குப் பென் டிரைவ் இல்லாமல் போய்விட்டேன்.

"லேப்டாப்ப நம்ம வைஃபைல போடுங்க மேடம். நெட்வொர்க்ல ஷேர் ஃபோல்டர் வரும், அதுல போட்டுடுங்க" என்றார் கடைக்காரர்.

பாஸ்வேர்டு கூடக் கேட்காமல் திறந்துகொண்டது. ஊரார் ஆதார், மார்க் ஷீட், ஜாதகம். என் பெயரிலும் ஒரு ஃபோல்டர். அதற்குள், கடலூருக்கு மாற்றல் கேட்டு வீட்டுக்குத் தெரியாமல் போன மாதம் இங்கே பிரிண்ட் எடுத்த விண்ணப்பம்.

"இத ஏன் அழிக்கல?"

"திரும்ப கேப்பீங்கன்னுதான் மேடம். போன வாரம் உங்க மாமனாரு உங்க ஆதார் காப்பி கேட்டு வந்தாரு. ஃபோல்டர தொறந்து வுட்டேன், அவரே பாத்து எடுத்துக்கிட்டாரு."

மாமனார் ஒரு வாரமாக என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

அங்கேயே நின்று ஃபோல்டரை அழிக்கவைத்தேன். "இனிமே நீங்கதான் அலையணும்" என்று சலித்துக்கொண்டார்.

உங்கள் வீட்டு ரகசியம் எந்தக் கடையில் இருக்கிறது?