ஒரு பக்கெட் தண்ணீரில் பாஸ்

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு பெண்ணின் கல்யாணப் பேச்சைக் கிட்டத்தட்ட நான் மூழ்கடித்துவிட்டேன். சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை... நிஜமாகவே கணுக்கால் அளவு தண்ணீர்.

முதலிலிருந்து சொல்கிறேன்.

ஓசூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் வெயிலுக்காக ஷீட் போட்டிருக்கிறோம். மழை வந்தால் அந்த ஷீட் தண்ணீர் மொத்தமும் கீழ்ப் போர்ஷன் வாசலில்தான் கொட்டும். அங்கே குடியிருப்பவர் நாகராஜ். கம்பெனி பஸ் ஓட்டுகிறார். அவருடைய ஒரே மகள் பவித்ரா, எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைன் இன்ஸ்பெக்‌ஷன் வேலை பார்க்கிறாள். அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று முடிவானதும் நாகராஜ் மேலே வந்தார்.

"வர்றவங்க வாசல்லயே நனையக் கூடாதுங்க சார். அந்தத் தண்ணிக்கு மட்டும் ஏதாச்சும் வழி பண்ணிக் குடுங்க."

பண்ணிக் கொடுத்தேன். அதுதான் பிரச்சினையே.

பிளம்பர் முனியப்பா வந்தார். ஷீட் ஓரமாக நீளத்துக்குக் காவாய் மாதிரி பாதி பைப்பைப் பொருத்தினார். அங்கிருந்து சுவர் வழியாக ஒரு பைப் கீழே இறங்கியது. இறங்கிய பைப்பை எங்கே விடுவது? பக்கத்துச் சந்தில் ஏற்கெனவே ஒரு சேம்பர் இருக்கிறது. பாத்ரூம், சமையலறைத் தண்ணீர் எல்லாம் அதில் விழுந்துதான் தெருவுக்குப் போகிறது. கை நீட்டினால் தொட்டுவிடும் தூரம். "இதுலயே சேர்த்துடுங்க" என்றேன்.

முனியப்பா தலையைச் சொறிந்தார். "வேணாங்க சார். இது பொழங்குற தண்ணி போற லைனு. மழைத்தண்ணி ஒரே மூச்சுல வரும். போக வழியில்லன்னா திருப்பி அடிக்கும். ரோட்டுக் காவா வரைக்கும் தனியா ஒரு பைப்பு போட்டுடலாம். முப்பதடிதான்."

முப்பதடி தோண்டினால் சந்தில் நான் புதிதாகப் போட்ட டைல்ஸ் என்ன ஆவது? கலர் பார்த்துத் தேர்ந்தெடுத்த டைல்ஸ். அதுவும் போக, நான் யார்? கம்பெனியில் இருபத்தாறு வருஷமாகக் குவாலிட்டி டிபார்ட்மென்ட். எத்தனை பேர் செய்த வேலையை நிற்க வைத்து ரிஜெக்ட் பண்ணியிருப்பேன். எனக்கே சொல்லித்தருவதா?

"டெஸ்ட் பண்ணிப் பாத்துடலாம்" என்று மாடிக்குப் போனேன். ஒரு பக்கெட் தண்ணீரை ஊற்றினேன். கீழே மடமடவென்று இறங்கிப் போய்விட்டது.

ஒரே ஒரு பக்கெட். புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு, 'ஒரு பீஸைப் பார்த்து மொத்த லாட்டையும் பாஸ் பண்ணாதே' என்று வருஷா வருஷம் வகுப்பெடுப்பவன் நான்தான்.

சேம்பர் மூடியைச் சிமென்ட் வைத்துப் பூசச் சொன்னேன். கரப்பான்பூச்சி வராதே. அப்புறம் சட்டைப் பையில் கிடந்த பச்சை நிற 'ஓகே' ஸ்டிக்கர் ஒன்றை எடுத்துப் பைப்பின் மேல் ஒட்டினேன். கம்பெனிப் பழக்கம். முனியப்பா அந்த ஸ்டிக்கரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் கிருஷ்ணகிரியிலிருந்து வந்தார்கள். பையன் அங்கே மாம்பழக் கூழ் பேக்டரியில் மெயின்டனன்ஸ். கையோடு ஒரு பெட்டி மாம்பழம் கொண்டுவந்திருந்தார்கள். பையனின் அம்மா நாற்காலி வேண்டாமென்று பாயில் உட்கார்ந்தார். எனக்கு ஹவுஸ் ஓனர் என்ற மரியாதையில் நாற்காலி. இரண்டு வீட்டாரும் தங்களுக்குள் தெலுங்கில் பேசிக்கொண்டார்கள், எனக்காகத் தமிழுக்கு மாறினார்கள்.

மழை பிடித்துக்கொண்டது. கோடை மழை, கேட்க வேண்டுமா? வாசலில் ஒரு சொட்டுகூட விழவில்லை. நாகராஜ் என்னைப் பெருமையாகப் பார்த்தார். நான் சும்மா இருக்கலாம் இல்லையா? இருந்திருக்கலாம். "முன்னாடி எல்லாம் இங்க நிக்கவே முடியாது. நாமதான் ஒரு ஐடியா பண்ணி..." என்று ஆரம்பித்தேன்.

பையனின் அம்மா எழுந்து நின்றுவிட்டார். புடவையின் பின்பக்கம் நனைந்திருந்தது.

பாத்ரூம் பக்கமிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது. சோப்பு நுரை, முடி, இன்னும் எழுதக் கூடாத சில சமாச்சாரங்களோடு. மாடித் தண்ணீர் மொத்தமும் சேம்பரில் இறங்கி, தெருவுக்குப் போக முடியாமல், பூசிய மூடியையும் தள்ள முடியாமல், வீட்டிலேயே தாழ்வான இடமான அவர்கள் பாத்ரூம் ஓட்டை வழியாக மேலே வந்துவிட்டது. பாய் மிதந்தது. அட்டைப்பெட்டி ஊறிப் பிரிந்து, மாம்பழங்கள் ஒவ்வொன்றாக ஹாலுக்குள் மிதந்து வந்தன.

நாகராஜின் முகத்தைப் பார்த்தேன். அவர் குனிந்து மாம்பழங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தார்.

அப்போதுதான் பவித்ரா காபித் தட்டோடு வந்தாள். பார்த்தாள். தட்டை ஜன்னல் மேடையில் வைத்தாள்.

"சார், மாடித் தண்ணிய எங்க விட்டீங்க?"

இத்தனை நாளில் நான் என்னையே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. சந்துப் பக்கம் கை காட்டினேன். பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மழையில் இறங்கிப் போனாள். பையனின் அம்மா பையனிடம் தெலுங்கில் ஏதோ சொன்னார். ஓசூரில் இத்தனை வருஷம் இருந்தும் தெலுங்கு கற்றுக்கொள்ளாத ஆள் நான். 'கிளம்பலாம்' என்கிறார் என்றே நினைத்தேன். பையன் எழுந்து அவள் பின்னாலேயே போனான்.

இரண்டு பேரும் பைப்பைப் பிடித்துத் திருகினார்கள். நான் குடை பிடித்தேன். யாருக்கு? எனக்குத்தான்.

பைப் சுலபமாகக் கழன்று வந்தது. முனியப்பா கடைசி ஜாயின்ட்டில் மட்டும் பசையே தடவவில்லை. "நீங்க கழட்டுவீங்கன்னு தெரியுங்க சார்" என்று மறுநாள் சொன்னார். தண்ணீர் சந்தில் கொட்டி என் டைல்ஸ் மேல் ஓடியது. வீட்டுக்குள் வந்தது மெல்ல மெல்ல வடிந்தது. அவர்கள் ஆறிப்போன காபியைக் குடித்துவிட்டு, "சொல்லி அனுப்புறோம்" என்று கிளம்பினார்கள்.

அந்த ஒரு வாரம் நான் பட்ட பாடு... நாகராஜ் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. படியில் பார்த்தால் வழக்கம்போல் "வணக்கம் சார்" என்றார். அதைக் கேட்கவே வெட்கமாக இருந்தது. ஒரு பெண்ணின் வாழ்க்கையில் நம் வீட்டுச் சாக்கடையைத் திறந்துவிட்டோமே என்று மனசு அடித்துக்கொண்டது. பரிகாரமாக முனியப்பாவைக் கூப்பிட்டு, டைல்ஸை உடைத்து முப்பதடிக்கும் தனி பைப் போடச் சொன்னேன். சேம்பரில் பழைய பைப் சேர்ந்திருந்த ஓட்டையையும் அடைக்கச் சொன்னேன். இந்த முறை எல்லாம் அவர் சொன்னபடி.

அடுத்த ஞாயிறு பவித்ரா ஸ்வீட் பாக்ஸோடு மேலே வந்தாள்.

"அவங்க சரின்னுட்டாங்க சார். காபிய வச்சுட்டு மொதல்ல வேலையப் பாத்துச்சே, அந்தப் பொண்ணுதான் வேணும்னு அவங்கம்மா சொன்னாங்களாம்."

"அன்னிக்குத் தெலுங்குல என்னமோ சொன்னாங்களேம்மா?"

"'ஒக்காந்துட்டு இருக்கியே, போய்ப் பிடிடா'ன்னாங்க." சிரித்தாள். "அம்மா சொல்லித்தான் வந்தாரு. ஆனா பேன்ட்டு நனையுதேன்னு ஒரு தடவகூடப் பாக்கல சார். அதனால நானும் சரின்னுட்டேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஸ்வீட்டை வாயில் போட்டுக்கொண்டு சமாளித்தேன்.

"புது பைப்ப டெஸ்ட் பண்ணீங்களா சார்?" என்றாள். ஒரு பக்கெட் என்று சொல்ல வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன். அவளே மாடி டேங்க்கிலிருந்து ஹோஸ் போட்டு அரை மணி நேரம் தண்ணீர் விட்டாள். கீழே இறங்கித் தன் வீட்டுப் பாத்ரூமைப் பார்த்தாள். தெருக் காவாயைப் போய்ப் பார்த்தாள். அப்புறம்தான் பழைய பச்சை ஸ்டிக்கரை உரித்துப் புது பைப்பில் ஒட்டினாள்.

போகிறபோது கைப்பையிலிருந்து ஒரு சிவப்பு 'ரிஜெக்ட்' ஸ்டிக்கரை எடுத்து, வாசலில் நின்ற என் மனைவியிடம் கொடுத்தாள். "பழைய ஜாயின்ட் இருந்த எடத்துல ஒட்டிடுங்க ஆன்ட்டி. ஞாபகமா இருக்கட்டும்."

என் மனைவி ஸ்டிக்கரைக் கையில் வைத்துக்கொண்டு, பைப் இருக்கும் பக்கம் திரும்பவே இல்லை... என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.