தளிர்விட்ட வேலி

தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு முன்னால் பத்தடி நிலம் இருக்கிறது. அதைத் தாண்டினால் கான், மூடாத வாய்க்கால். மலையிலிருந்து இறங்கும் மழைத் தண்ணீரெல்லாம் அதில்தான் ஓடும், இடுப்பளவு ஆழம். போன வருஷம் எங்கள் கடைக்குட்டி, மூன்று வயசுப் பெண், விளையாட்டு மும்முரத்தில் அதற்குள் விழுந்தாள். தண்ணீர் இல்லாத நாள். ஆண்டவர் காப்பாற்றினார், நெற்றியில் ஒரு தழும்போடு. கானை மூடித் தாருங்கள் என்று தோட்டத்து ஆபிஸில் எத்தனையோ தடவை சொன்னேன். பார்ப்போம் என்றார்கள்.

அவர்கள் பார்க்கிற வரைக்கும் பிள்ளையைக் கட்டியா போட முடியும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, நானும் வீட்டுக்காரரும் அந்தப் பத்தடியில் பிள்ளைகளுக்கென்று தோட்டம் போடத் தொடங்கினோம். காசு கிடையாது, கிடைத்ததை வைத்துத்தான். முதலில் ஓரத்தில் நின்ற ஊமத்தையை வேரோடு பிடுங்கிப் புதைத்தேன். சின்னது எதையும் வாயில் வைக்கும். அதனால் வல்லாரை, புதினா, கீரை மட்டும் போட்டேன். பண்டாரவளையில் டயர் கடை வைத்திருக்கிற முஸ்லிம் நானா, "பிள்ளைங்களுக்கா? எடுத்துட்டுப் போங்க" என்று நாலு பழைய டயரைச் சும்மா தந்தார். தண்ணீர் தேங்கி நுளம்பு முட்டையிடாமல் அவற்றை மண்ணால் நிரப்பி, தாண்டி விளையாட வரிசையாகப் பதித்தோம்.

வேலிதான் பெரிய காரியம். தேயிலைக்கு நிழலாக நிற்கும் முருக்கு மரங்களில் கிளை வெட்டிப் போட்டிருந்தார்கள். முள்ளில்லாத ஜாதி. அடுப்பில் வைத்தால் புகைதான் வரும், யாருக்கும் வேண்டாம். கங்காணியிடம் கேட்டு எடுத்து வந்து, கான் ஓரமாக நெருக்கி ஊன்றினோம். முருக்கங்கம்பு மழை கண்டால் உயிர்பிடிக்கும் என்பதை நான் யோசிக்கவில்லை. ஐப்பசி மழையில் எல்லாக் கம்பும் தளிர்விட்டது.

அதுதான் குற்றமாகிப் போயிற்று. லயத்து ஆட்கள் கீரை போடலாம், பூ வைக்கலாம். மரம் நடக்கூடாது. மரம் நின்றால் நிலத்தில் உரிமை கேட்போம் என்று தோட்டத்து ஆபிஸுக்குப் பயம்.

மலையில் எங்கள் வேலையை மேற்பார்க்கிற வெளிக்கள ஐயா வந்து நின்றார். "என்னம்மா, எஸ்டேட் காணியில மரம் நட்டிருக்கீங்க?"

"மரமில்லீங்க ஐயா, வேலிக்கம்பு."

"இன்னைக்கு கம்பும்பீங்க, நாளைக்கு காணி என்னதும்பீங்க."

"எம்புள்ள கான்ல விழுந்தப்ப அது யாரு காணின்னு யாரும் கேக்கலீங்களே."

அவர் முகம் கறுத்தது. "தளிர் இருக்கக் கூடாது. இருந்தா ஆள் விட்டுப் பிடுங்குவேன்."

பக்கத்து வீட்டுத் தங்கச்சி கதவோரம் நின்று சிரித்தாள். "அக்கா, கம்புக்கெல்லாம் பேரு பதிஞ்சிருங்க. காலையில பேரு கூப்பிடுற பெரட்டுக்கு வந்து நிக்கட்டும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று ஜெபமாலையை எடுத்தும் வாயில் ஜெபம் வரவில்லை. ஆதியில் மனுஷனைத் தோட்டத்தில் வைத்தபோது ஆண்டவர் அவனிடம் காணி உறுதிப் பத்திரமா கேட்டார்? எங்கள் நாலு தலைமுறை மலை முழுக்கச் செடி நட்டது. அது மட்டும் சரி, எங்கள் வாசலில் நாலு இலை வந்தால் தப்பு.

தினமும் பெரட்டுக்குப் போகுமுன் தளிரையெல்லாம் கிள்ளினேன். கிள்ளக் கிள்ள, ஒன்று இருந்த இடத்தில் மூன்று வந்தது. இருபது வருஷமாகக் கொழுந்து பறிக்கிறவள் நான், எனக்கே அது புத்தியில் படவில்லை. வேலி அடர்ந்து, பூனைகூட நுழைய முடியாதபடி ஆகிவிட்டது.

ஐயா மறுபடி வந்தார். "கிள்ளச் சொன்னேனே?"

"கிள்ளிக்கிட்டுத்தாங்க இருக்கேன். உங்க தேயிலையக் கிள்ளுற மாதிரியேதான்."

"மேனேஜர் தொரகிட்ட சொல்றேன்."

"சொல்லுங்க ஐயா. ஆள் அனுப்புனா, கான மூடுறதுக்கும் சேத்து அனுப்பச் சொல்லுங்க. அத மூடுங்க, நானே புடுங்கித் தாறேன்."

அவர் இறங்கிப் போனார். ஆள் இன்றுவரை வரவில்லை, எதற்கும். வந்தால், முதலில் கானைத்தான் காட்டுவேன்.