ஜெர்மன் புதுச்சேரிக்கு ஒரு சனி ஞாயிறு

கடற்கரை, காபிக் கடை, மஞ்சள் சுவர் முன்னால் போட்டோ. இதற்காகப் புதுச்சேரி போகிறவர்கள் இந்தப் பதிவை இங்கேயே மூடிவிடலாம். அதையெல்லாம் எழுத ஏற்கெனவே ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் போன பிப்ரவரியில் அங்கே போனது ஒரு வரைபடச் சண்டையைத் தீர்க்க.

கல்லூரியில் ஒன்றாகப் படித்த நான்கு பேர் ஒரு விளையாட்டு வைத்திருக்கிறோம். வரலாற்றில் ஒரே ஒரு விஷயத்தை மாற்ற வேண்டும். மற்றதெல்லாம் அதன் விளைவாக வர வேண்டும். கடைசியில் இன்றைய உலக வரைபடத்தை வரைந்து காட்ட வேண்டும். நான் கோவையில் பம்ப் கம்பெனி ஒன்றில் கன்ட்ரோல் பேனலுக்கு புரோகிராம் எழுதுகிறவன். ஒரு இன்புட்டை மாற்றி என்ன அவுட்புட் வருகிறது என்று பார்ப்பதுதான் பிழைப்பு. அதனால் இது எனக்கு ஒத்துப்போகிற விளையாட்டு.

இந்த முறை எடுத்த தலைப்பு: ஒன்றுபட்ட ஜெர்மனி ஐரோப்பா முழுவதையும் தன் கைக்குள் வைத்திருந்தால்? ஒருவன் 1848-ஐ எடுத்தான். ஆஸ்திரியாவையும் சேர்த்துக்கொண்டு அப்போதே பெரிய ஜெர்மனி உருவாகிவிடுகிறது, எதிர்க்க ஆளில்லை. இன்னொருவன் 1918-ஐ எடுத்து முதல் உலகப்போரில் ஜெர்மனியை ஜெயிக்க வைத்தான். இரண்டும் எல்லாரும் செய்வது. நான் 1871-ஐ எடுத்தேன். பிரான்ஸைத் தோற்கடித்த ஜெர்மனி அல்சாஸ், லொரைன் பகுதிகளைப் பிடுங்கிக்கொண்டது நிஜ வரலாறு. என் கதையில் அந்த நிலத்தை விட்டுவிட்டுப் புதுச்சேரியை வாங்கிக்கொள்கிறது. வாசலிலேயே நிலத்தை இழக்காததால் பிரான்ஸுக்குப் பழிவாங்கும் வெறி இல்லை. வெறி இல்லாததால் பெரிய போர் இல்லை. போர் இல்லாததால் ஜெர்மனி வியாபாரத்திலேயே ஐரோப்பாவை விழுங்கிவிடுகிறது. புதுச்சேரி வெகுகாலம் ஜெர்மன் ஊராகவே இருக்கிறது. கச்சிதம் என்று நினைத்தேன்.

குழுவில் நான்காவது ஆள் யூஜீன், புதுச்சேரிக்காரன். "உன் மேப்புல எங்க ஊரு ஒரு வாரம்கூட நிக்காதுடா. வந்து பாத்துட்டுப் பேசு" என்றான். கூடவே இன்னொரு விஷயமும் சொன்னான். ஜெர்மனியில் ஒரு மெஷின் கம்பெனி அவனுக்கு வேலை கொடுத்திருக்கிறது, திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும், அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. மகனும் தன்னைப் போல பிரெஞ்சு ராணுவத்தில் சேர வேண்டும் என்கிறாராம். "நீ வந்தா வூட்ல கொஞ்சம் சத்தம் கொறையும்" என்றான். நான் போனால் சத்தம் குறைந்ததாக இதுவரை வரலாறு இல்லை. இருந்தாலும் கிளம்பினேன்.

வெள்ளி இரவு கோவையில் ரயில் ஏறினால் விடிவதற்குள் விழுப்புரம். அங்கிருந்து பேருந்து, சுமார் 40 கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். ஜன்னலோர இருக்கை கிடைத்தால் தூங்காதீர்கள். கடைப் பலகைகளைப் பாருங்கள். மதுக்கடைகள் திடீரென்று வரிசையாக வந்தன. கண்டக்டரிடம் "அண்ணே, புதுச்சேரி வந்துருச்சுங்களா?" என்றேன்.

"மதகடிப்பட்டு. வந்துட்ச்சு."

கொஞ்ச தூரத்தில் கடைகளைக் காணோம். "இப்பங்க?"

"கண்டமங்கலம். தமிழ்நாடு."

மறுபடி கடைகள். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்: "அரியூரு. திரும்பவும் புதுச்சேரி. நீ ஊருக்குப் போறியா, சர்வே எடுக்க வந்தியா?"

சட்டையில் ஒட்டுப் போட்ட மாதிரி கிடக்கிறது அந்த நிலம். சுற்றிலும் அன்றைக்கு பிரிட்டிஷ்காரன் இருந்திருக்கிறான். என் வரைபடத்தில் நான் இதை ஒரே புள்ளியாக வைத்திருந்தேன்.

பேருந்து நிலையத்திலிருந்து தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டைக்கு ஆட்டோவில் 200 கேட்டார்கள், 150-க்கு வந்தார்கள். யூஜீன் வேலை செய்யும் பட்டறை அங்கேதான். சனிக்கிழமை அரை நாள். அவன் ஓட்டுகிற மெஷின் ஜெர்மனியில் செய்தது, அளவு பார்க்கும் கருவியும் அங்கிருந்தே. "ஒரு குண்டும் போடாம இங்க வரைக்கும் வந்துட்டான் பாரு" என்று மெஷினைத் தட்டினான். அதைக் கற்பனை வரலாற்றில் எப்படிச் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

மாலை கடற்கரைச் சாலை. முதல் உலகப்போரில் பிரான்ஸுக்காகச் செத்தவர்களின் நினைவுச் சின்னம் அங்கே இருக்கிறது. கம்பிக்கு வெளியே நின்றுதான் பார்க்க முடிந்தது. எதிரே கடல். யூஜீன் கையை நீட்டி, "போர்க்கப்பல எங்கடா நிறுத்துவ? அந்தக் காலத்துல இங்க துறைமுகம் ஏது? கப்பல் தூரத்துல நின்னுக்கும், ஆளும் சரக்கும் படகுலதான் வந்தாவணும். பெரிய எம்டன் மாதிரி மேப்பு போட்டுட்ட" என்றான். எம்டன் என்பதே ஒரு ஜெர்மன் கப்பல் நமக்கு விட்டுப்போன வசவு.

இரவு அவன் வீட்டுக்கு, ரெட்டியார்பாளையம். அவன் அப்பா பெயர் விக்டர் என்று ஆட்டோக்காரரிடம் சொல்லித் தெருவை விளக்கிக்கொண்டிருந்தான். "சொல்தா வூடுன்னு சொல்ல வேண்டிதானப்பா" என்று அவர் வண்டியை எடுத்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர்களுக்கு ஊர் வைத்த பெயர் அது. பிரெஞ்சில் சிப்பாய்க்கு அதுதான் வார்த்தை.

ஞாயிறு மதியம் நீள ரொட்டி, ஆட்டுக்கறிக் குழம்பு. மேசையில் விக்டர் அங்கிள், யூஜீனின் அம்மா ரெஜினா ஆன்ட்டி, நாங்கள் இருவர். அங்கிள் என் போனை எட்டிப் பார்த்தார். "என்னா மேப்பு அது?"

காட்டினேன்.

"இதுல என் வூடு எங்க?"

"இந்தச் சாம்பல் புள்ளிங்க அங்கிள்."

"சாம்பல்னா?"

"ஜெர்மனிங்க."

யூஜீன் மேசைக்கடியில் என் காலை மிதித்தான். அங்கிள் ரொட்டியைக் கீழே வைத்தார். "அப்ப நான் ஜெர்மன் சொல்தாவா?"

"ஆமாங்க. வேலை அதேதான், கொடி மட்டும் வேற." இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"ரெண்டு வருஷம் அங்க கேம்ப்ல இருந்தவன் நான். ரெண்டாம் உலகப்போர்ல அவன் தோத்ததிலிருந்தே எங்க பட்டாளம் போய் அவன் ஊர்ல உக்காந்திருந்துச்சு. நான் துப்பாக்கி தூக்கிட்டுப் போன நாட்டுக்கு இவன் ஸ்பேனர் தூக்கிட்டுப் போறேங்கறான். நீ அவனுக்கும் மேல, ஊரையே தூக்கிக் குடுத்துட்ட!"

ஆன்ட்டி குழம்பு ஊற்றியபடியே கேட்டார். "ஜெர்மன் பாஷையில சொல்தாவுக்கு என்னாங்க?"

"ஸொல்தாத்" என்றார் அங்கிள்.

"ஒரு 'த்' கூட. அதுக்கா ஒரு மாசமா மூஞ்சத் தூக்கி வச்சிட்டிருக்கீங்க?"

யூஜீன் அப்போதுதான் வாயைத் திறந்தான். "அப்பா, இவன் மேப்பு தப்பு. இங்கிலீஷ்காரனுக்கு ஜெர்மன் கப்பலைப் பாத்தாலே பயம். அல்சாஸ் இல்லைன்னாலும் சண்டை வந்திருக்கும். 1914-ல ஆரம்பிச்ச போர்ல ஜெர்மனியோட மத்த காலனியையெல்லாம் புடிச்ச மாதிரி இதையும் புடிச்சு மெட்ராஸோட சேத்திருப்பான். நம்ம ஊரு இன்னொரு விழுப்புரம். விசா இல்லாம ஜெர்மனிக்குப் போக விடற இந்த பிரெஞ்சு பாஸ்போர்ட்டே எனக்கு இருந்திருக்காது. ஜெர்மன் விசாவுக்கு நானும் லைன்ல நின்னிருப்பேன்."

நான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டேன். அவன் சொன்னது சரி. ஜெர்மனி புதுச்சேரியை ஆண்டிருந்தால் இந்தப் புதுச்சேரிக்காரன் ஜெர்மனிக்கு இவ்வளவு லேசாகப் போக முடியாது. பிரான்ஸ் விடாமல் வைத்திருந்ததால்தான் முடிகிறது. என் கணக்கில் இந்த அவுட்புட் வரவே இல்லை.

அங்கிள் ரொட்டியை மறுபடி கையில் எடுத்தார். பிறகு, "அப்ப இவன் போறது நான் குடுத்த பாஸ்போர்ட்டுல" என்றார்.

"நீங்க எங்க குடுத்தீங்க?" என்றார் ஆன்ட்டி. "பிரான்ஸு பிரஜையா, இந்தியப் பிரஜையான்னு 1962-ல கேட்டப்ப கையெழுத்துப் போட்டது உங்க அப்பா. நீங்க அப்ப கைக்குழந்த."

அவர் முறைத்தார். பிறகு மகனிடம் திரும்பினார். "ஒரு வருஷமா போன்ல ஜெர்மன் படிக்கிறியே, ரெண்டு ரொட்டி வேணும்னு கேளு பாப்போம்."

யூஜீன் ஏதோ சொன்னான்.

"இப்பிடிக் கெஞ்சினா எவன் குடுப்பான்?" என்று அங்கிள் நிமிர்ந்து உட்கார்ந்து அதே வாக்கியத்தைச் சொன்னார். மேசை அதிர்ந்தது. "இப்பிடிக் கேக்கணும். அந்த பேக்கரிக்காரி சிரிச்சிட்டே ஒண்ணு கூடப் போட்டுக் குடுப்பா."

"எந்த பேக்கரிக்காரி?" என்றார் ஆன்ட்டி.

அங்கிள் அவசரமாக மகனைப் பார்த்தார். "நாளைக்கு வரைக்கும் ஏன் இழுக்கற? இன்னிக்கே எழுதிப் போடு, வரேன்னு."

யூஜீன் கை கழுவாமலே பதில் எழுத எழுந்து போனான்.

போக நினைக்கிறவர்களுக்கு: விழுப்புரம் வழி மலிவு, ஆனால் ஞாயிறு மாலைத் திரும்பும் பேருந்துகளில் நிற்கத்தான் இடம். வாடகை ஸ்கூட்டர் ஒரு நாளைக்கு 400 சொன்னார்கள். ஒட்டுப் போட்ட எல்லைகளைப் பார்க்க அதுதான் சரி. மதியம் பல கடைகள் மூடியிருக்கும், எரிச்சலாக இருக்கும், பழகிக்கொள்ளுங்கள். தங்குமிடம் பற்றி எனக்குத் தெரியாது. யாரைப் பார்த்தாலும் பிரெஞ்சு பேசிக் காட்டச் சொல்லாதீர்கள். வரைபடம் வரைகிறவர்களுக்குத் தனியாக ஒன்று: நிறம் தீட்டுவதற்கு முன்னால் அந்த நிறத்துக்குள் இருக்கிற ஒருவர் வீட்டில் ஒரு வேளை சாப்பிட்டுவிடுங்கள். என் 1871 தோற்றுவிட்டது, குழுவில் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

மாலை அங்கிள்தான் என்னைப் பேருந்து நிலையத்தில் கொண்டுவந்து விட்டார். ஸ்கூட்டரை நிறுத்தியதும், "கோயம்புத்தூரு, நீ கம்ப்யூட்டர் ஆளுதான? ஜெர்மனிக்கு ஏரோப்ளேன் டிக்கெட் எவ்ளோன்னு பாத்துச் சொல்லு" என்றார்.

"யூஜீனுக்கு கம்பெனியே எடுத்துக் குடுத்துருமுங்க அங்கிள்."

"எனக்குடா. போன வாட்டி லாரில பின்னாடி ஏத்தி, தார்ப்பாய மூடிக் கொண்டுபோனானுங்க. ரெண்டு வருஷம் இருந்தேன், ஊரையே சரியாப் பாக்கல."