அரிசி டிரம்மும் ஒரு ஸ்டேட்டஸும்

ஈஜிபுராவில் எங்கள் சந்துப் பிள்ளைகளையெல்லாம் போனிலிருந்து மீட்டுக் கொடுத்தவன் நான்தான். இது பொய். ஒரு பிள்ளையைக்கூட நான் மீட்கவில்லை. சொந்தப் பிள்ளையை நானே பிடித்துப் போனுக்குள் தள்ளினேன். ஆனாலும் இந்தப் பொய்யைச் சொல்லிக்கொண்டு ரொம்ப நாள் காலரைத் தூக்கிவிட்டுத் திரிந்திருக்கிறேன்.

நான் பெயிண்ட் அடிக்கிறவன். பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்ததே சுவருக்கு வெள்ளையடிக்கத்தான். எழுத்து தெரியாது. இதைக்கூட வாயால்தான் சொல்கிறேன், போன் அதுபாட்டுக்கு எழுதிக்கொள்கிறது. எனக்குத் தெரிந்த ஒரே வித்தை நாலு பேரைச் சிரிக்க வைப்பது. சாரத்தில் நின்றபடி மேஸ்திரி மாதிரி பேசிக் காட்டுவேன். கீழே பெயிண்ட் கலக்குகிறவன் சிரித்துச் சிரித்து டப்பாவைக் கவிழ்த்துவிடுவான்.

வீட்டில் ஒரு சட்டம் போட்டிருந்தேன். சாயந்தரம் ஏழு மணி அடித்தால் போன்கள் அரிசி டிரம்முக்குள் போய்விட வேண்டும். மகளுக்குப் பதின்மூன்று வயது. பாடத்துக்கென்று வாங்கிக் கொடுத்த பழைய போனில் பாடம் போக மீதி நேரமெல்லாம் கேம், அதுவும் போக ரீல்ஸ். ஏழு மணிக்கு அவள் போன் உள்ளே போகும். பொம்மசந்திராவில் வேலை முடித்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கிய கையோடு மனைவியின் போனும் போகும். என் போன் மட்டும் போகாது. மேஸ்திரி கூப்பிடுவார் என்று சொல்லிவிட்டு மொட்டை மாடிக்குப் போய், தண்ணீர் டேங்குக்குப் பின்னால் உட்கார்ந்து ரீல்ஸ் பார்ப்பேன். மேஸ்திரி ஒரு நாளும் கூப்பிட்டதில்லை.

டிரம் விஷயம் சந்து முழுக்கப் பரவியது. எதிர்வீட்டு அம்மா மகனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

"அண்ணா, இவன் காலைல எந்திரிச்சா துப்பாக்கி கேம்தான். சோறு கூட நாந்தான் ஊட்டணும். நீங்களாச்சும் கொஞ்சம் சொல்லுங்க."

"வீட்ல டிரம் இருக்கா?"

"ரேஷன் அரிசி போடற டப்பா இருக்கு."

"அதுக்குள்ள போனைப் போட்டு, மூடி மேல நீ ஏறி உக்காந்துக்கோ. எவன் எடுக்கறான் பாக்கலாம்."

அந்த அம்மா சிரித்தாள், பையனும் சிரித்தான். அன்றிலிருந்து சந்துக்கு நான் டாக்டர் மாதிரி ஆகிவிட்டேன்.

அப்படி டாக்டராக இருந்த ஒரு சாயந்தரம், ஏழு மணிக்கு மகள் போனைத் தர மறுத்தாள்.

"இன்னும் அஞ்சே நிமிஷம்பா. நான் பாதியில போயிட்டா எங்க டீமே தோத்துடும்."

பிடுங்கி உள்ளே போட்டேன். அவள் டிரம்மைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து அழுதாள். மூக்கு ஒழுகியது. எனக்கு அது தமாஷாகத் தெரிந்தது. வீடியோ எடுத்தேன். எடுத்துக்கொண்டே, "ஐயோ என் போனே, அரிசிக்குள்ள போயிட்டியே" என்று ஒப்பாரி வேறு வைத்தேன். ஸ்டேட்டஸில் போட்டேன்.

என் போனில் பெயிண்ட் ஆட்களும் சந்து ஆட்களும் மட்டும் இல்லை. மகளின் வகுப்புப் பிள்ளைகளுடைய அம்மாக்களின் நம்பர்களும் இருந்தன. ஸ்கூல் மெசேஜ் என் போனுக்குத்தான் வரும், அதற்காக அவளே போட்டு வைத்தவை. சாயந்தர நேரத்தில் அம்மாக்களின் போன் யார் கையில் இருக்கும்? ஊருக்கே வைத்தியம் சொன்ன எனக்கு அது தோன்றவில்லை.

அரை மணி நேரத்தில் பதில்கள் வந்து குவிந்தன. சிரிக்கிற மஞ்சள் மூஞ்சிகள் எனக்கே புரிந்தன. நடுநடுவே எழுத்தும் இருந்தது. எங்கள் வீட்டில் எழுத்து என்று எது வந்தாலும் மகள்தான் படித்துச் சொல்வாள். கேஸ் சிலிண்டர் மெசேஜ், டீச்சர் மெசேஜ், எல்லாம் அவள்தான். அந்தப் பழக்கத்தில், கன்னம் காயாமல் உட்கார்ந்திருந்தவளிடமே போனை நீட்டினேன்.

"பாப்பா, இன்னா எழுதிருக்காங்க பாரு. ஊரே சிரிக்குது."

வீடியோவை அவள் அப்போதுதான் பார்த்தாள். டீச்சர் மெசேஜ் படிக்கிற அதே குரலில் படிக்க ஆரம்பித்தாள்.

"சூப்பர் அண்ணா. செம காமெடி. அழுமூஞ்சி." அந்த வரியில் விரலை வைத்தாள். "இது எங்க கிளாஸ் பொண்ணு. அவங்கம்மா போன்லருந்து. நாளைக்கு எல்லாருக்கும் காட்றேன்னு போட்டிருக்கா."

"இன்னும் இருக்கா?" என்றேன். உலகத்தில் வேறு எந்த அப்பனும் அதைக் கேட்டிருக்க மாட்டான்.

"பதினேழு பேர் இருக்காங்க. எல்லாத்தையும் படிக்கவா?"

போட்டதை எப்படி எடுப்பது என்று எனக்குத் தெரியாது. அதையும் அவள்தான் செய்தாள். தன் அழுகையைத் தானே அழித்துவிட்டு, போனை என் பக்கத்தில் தரையில் வைத்தாள்.

சமையல் மேடையிலிருந்து மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். "டேங்கு பின்னாடி உக்காந்து நீ பாக்கறத நான் என்னிக்காவது வீடியோ எடுத்தேனா யா?" என்றாள்.

அதன் பிறகு மகள் எனக்கு எதையும் படித்துச் சொல்லவில்லை. அப்பா என்றும் கூப்பிடவில்லை. ஏதாவது வேண்டுமென்றால் அம்மாவிடம் சொல்லி அனுப்புவாள். மேஸ்திரி மாதிரி பேசிக் காட்டினேன், நொண்டி நடந்து காட்டினேன். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். ஸ்கூலில் அவளுக்கு டிரம் என்று பேர் வைத்திருப்பதை எதிர்வீட்டுப் பையன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

பத்து நாள் போயிருக்கும். டீச்சரிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. பெயிண்ட் கடைக்காரரிடம் காட்டிப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். மறுநாள் பேரண்ட்ஸ் மீட்டிங்.

போனேன். வகுப்பு வாசலில் அம்மாக்கள் வரிசையாக நின்றார்கள். மகள் எனக்கு இரண்டு அடி தள்ளி, என்னோடு வராதவள் மாதிரி நின்றாள். ஓர் அம்மா என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

"ஸ்டேட்டஸ் அண்ணாதானே நீங்க? செம காமெடி போங்க. ஏன் அப்புறம் ஒண்ணும் போடல?"

வேறு நாளாக இருந்தால் அந்த இடத்திலேயே ஒப்பாரியை எடுத்து விட்டிருப்பேன். வாய் வரைக்கும் வந்தது. மகள் தரையில் டைல்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது காமெடி இல்லம்மா" என்றேன். "அழற புள்ளைய நான் படம் புடிச்சிருக்கக் கூடாது. அவளைக் கேக்காம போட்டது வேற. யார் போன்லயாவது இருந்தா அழிச்சிடுங்க."

யாரும் சிரிக்கவில்லை. நான் பேசி யாரும் சிரிக்காதது எனக்குப் புதுசு.

திரும்பி வரும்போது அவள் முன்னால் நடந்தாள். சிக்னல் பக்கத்தில் நின்று திரும்பினாள்.

"உன் போனும் டிரம்முக்குள்ள போவுமா?"

"போவும்."

"மாடிக்குப் போவ மாட்டியே?"

அவளுக்கும் தெரிந்திருக்கிறது. எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்க வாயைத் திறந்தேன், அதற்குள்...

"அப்பா, மணி ஏழாச்சு. இன்னும் போன்ல யார்கிட்ட இவ்ளோ நேரம் பேசிக்கினு இருக்க?"

"ஒரு நிமிஷம் பாப்பா. கதை பாதியில நிக்குது."

"எங்க டீமும் அன்னிக்குப் பாதியிலதான் நின்னுச்சு. போனை எடுத்துக்கினு வா."

டிரம் மூடியைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.